தொடாமல் காய் பொறுக்கியவள்

தயாவதி கையில் எடுத்த கத்தரிக்காய் ஒரு நிமிடத்தில் முற்றிவிடும். ஊதா நிறம் முதலில் காம்புப் பக்கம் வெளுக்கும், பிறகு பித்தளை நிறத்துக்கு வரும், பிறகு முழுதும் மஞ்சளாகித் தோல் தடித்து உள்ளே விதை நிரம்பிவிடும். பிஜித் தீவின் சிங்கடோகா சந்தையில் இருபத்தாறு வருடமாக இது நடக்கிறது; பார்க்காதவர் யாரும் இல்லை. மற்றக் காய் எதற்கும் ஒன்றும் ஆகாது. தக்காளியைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கையில் வைத்திருந்தாலும் தக்காளி தக்காளிதான். பீன்ஸ், மிளகாய், பாகற்காய், வெள்ளரி எல்லாவற்றையும் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. விவசாய இலாகாவிலிருந்து ஒருவர் வந்து, இரண்டு நாள் தங்கி, கடிகாரம் பார்த்துக் குறிப்பெடுத்தார். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டால் ஒன்றேகால் நிமிடம் ஆகிறது என்று எழுதிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. நாங்களும் எதிர்பார்க்கவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், பள்ளத்தாக்கு முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் கத்தரிக்காயை அவள் அளவுக்குத் தெரிந்தவர் கிடையாது. சந்தையில் நாங்கள் காயைத் தராசில் போடுவதில்லை. மேசைமேல் ஐந்தும் ஆறுமாகக் குவித்து வைப்போம். குவியல் இரண்டு டாலர், பிடித்தால் எடு, இல்லாவிட்டால் நடையைக் கட்டு. தயாவதி மட்டும் அப்படி விற்க மாட்டாள். வந்தவளைப் பார்த்து முதலில் கேட்பது, "என்ன செய்யப் போறே?" என்றுதான். சொல்லாதவளுக்குக் காய் கிடையாது. டின் மீன் போட்டுக் குழம்பு என்றால், குவியலைக் கலைக்கச் சொல்லி விரல் தடிமனில் நீளக்காயாகக் காட்டித் தருவாள். சுட்டு மசிக்கிற சோக்காவுக்கு என்றால் குண்டுக்காய், அதிலும் கைக்குக் கனமில்லாதது; கனத்தால் உள்ளே விதை கல்யாணக் கூட்டம் மாதிரி உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். தேங்காய்ப்பாலில் வேகவைக்கிற பிஜிக்காரப் பெண்களுக்கு நேற்றுப் பறித்ததைத் தரவே மாட்டாள், ஏனென்றால் பால் கசப்பைக் காட்டிக்கொடுத்துவிடும். காம்புத் தொப்பிக்குக் கீழே வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தால் அந்தக் காய் பறிக்கிற நிமிடம்வரை வளர்ந்துகொண்டிருந்தது, அதை விடக் கூடாது. கோடு மறைந்து, தொப்பி தோலோடு ஒட்டாமல் தூக்கிக்கொண்டு நின்றால் அது கிழடு. கட்டைவிரலால் ஒரு அமுக்கு; பள்ளம் உடனே எழும்பினால் பிஞ்சு, எழும்பாமல் கிடந்தால் முற்றல், அமுங்கவே இல்லையென்றால் இன்னும் நாலு நாள் செடியில் இருந்திருக்க வேண்டியது. அடித்தொப்புள் வட்டமாக இருந்தால் ஆண், நீளமாக இருந்தால் பெண், ஆண்காயில் விதை குறைவு என்று பேசிக்கொண்டு வருகிறவர்களை அவள் சும்மா விட்டதே இல்லை. "கத்தரிக்காய்ல ஆம்பளையும் இல்ல, பொம்பளையும் இல்ல. அதுகளாவது நிம்மதியா இருந்துட்டுப் போகுது, விடு," என்பாள்.

அவள் புருஷன் யங்கட்சாமிக்கு ஆற்றோரம் நாலு ஏக்கர் குத்தகை நிலம். பையன் நிலேஷுக்கு அப்போது மூன்று வயது. பெருவெள்ளம் வந்த அந்த வருடம் ஆறு வயலுக்குள் ஏறி மூன்றாம் நாள் இறங்கியது. வடிந்த சேற்றில் பையன் விளையாடினான். எல்லாப் பிள்ளைகளும்தான் விளையாடின. பத்து நாள் கழித்துக் காய்ச்சல் கண்டது. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கிடைத்தது ஒரு லாரிதான்; ரோடு இரண்டு இடத்தில் அறுந்து கிடந்ததால் அது மலைப்பக்கம் சுற்றிக்கொண்டு போனது. பின்னால் தார்ப்பாய்க்குக் கீழே தயாவதி பிள்ளையை மடியில் போட்டு, இரண்டு கையாலும் முகத்தை ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று மணி நேரம். அவள் கைக்குள்ளேயே அந்த முகம் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. கண் மஞ்சளானது, கன்னம் ஒட்டியது, மூன்று வயதுப் பிள்ளையின் முகம் கிழவன் முகமாகி, டவுன் வருவதற்குள் உயிர் போய்விட்டது. எலிக்காய்ச்சல், காமாலை கண்டுவிட்டது, பெரியவர்களே தாங்க மாட்டார்கள் என்று டாக்டர் சொன்னார். அந்த வெள்ளத்துக்குப் பிறகு பள்ளத்தாக்கில் நாலு பேர் அதில் போனார்கள்.

காரியம் முடிந்து பதினான்காம் நாள் அவள் சந்தைக்கு வந்தாள். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று யங்கட்சாமிதான் அனுப்பினான். பக்கத்து மேசை உனாய்சியுடையது. டாலோ என்கிற சேம்பு இலையும் மரவள்ளிக்கிழங்கும் விற்கிற பிஜிக்காரி, ஆள் வாட்டசாட்டம், வாயும் அப்படியே, மனசும் அப்படியே. முதல் குவியலை அடுக்கத் தயாவதி ஒரு காயை எடுத்தாள். அது கையிலேயே மஞ்சளானது. ஏதோ பழுத்த காய் கலந்துவிட்டது என்று ஒதுக்கி வைத்து அடுத்ததை எடுத்தாள். மத்தியானத்துக்குள் பதினோரு காய்.

"கையக் கழுவிட்டு வா," என்றாள் உனாய்சி.

கழுவிவிட்டு வந்தாள். பன்னிரண்டாவதும் மஞ்சளானது. அதை மேசைமேல் வைத்துவிட்டுத் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இந்தக் கைதான், உனாய்சி. என் புள்ளையையும் இதான் பழுக்க வச்சுது," என்றாள். உனாய்சி டாலோ இலைக் கட்டை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தாள். அன்றைக்கே 'சீ, அப்படியெல்லாம் இல்லடி' என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாம் என்று பிற்பாடு எத்தனையோ தடவை எங்களிடம் சொல்லி அழுதிருக்கிறாள். சொல்லியிருந்தால் மட்டும் தயாவதி கேட்டிருப்பாளா என்பது வேறு விஷயம்.

யங்கட்சாமி ஆன மட்டும் சொல்லிப் பார்த்தான். "இத்தன வருஷமா என்னத் தொட்டவதானே நீ? எனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டான். "நீங்க ஏற்கெனவே முத்துனது. முத்துனது மேல என்ன முத்தும்? பிஞ்சுதான் முத்தும்," என்றாள். கத்தரிக்காய்க்காரியிடம் கத்தரிக்காய் ஞாயம் பேசி யார் ஜெயிப்பது. அவன் தக்காளியையும் பீன்ஸையும் கொண்டுவந்து அவள் கையில் வைத்து, பார், ஒன்றும் ஆகவில்லையே என்று காட்டினான். "இதுல ஒண்ணு கெட்டா இன்னொண்ணு பறிச்சுக்கலாம். புள்ளைய வச்சு எப்படிங்க பார்க்கிறது?" என்றாள். அவன் தக்காளியையும் பீன்ஸையும் கூடைக்குள் திருப்பிப் போட்டான். நாங்களும் ஒன்றும் யோக்கியர்கள் இல்லை. வாயால் அவளுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே, அவள் மேசையைத் தாண்டும்போது கைக்குழந்தையை அந்தப் பக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டோம். அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தானே எழுந்து இரண்டடி பின்னால் தள்ளி நின்றுகொள்வாள், எங்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று.

வியாபாரம் என்னவோ நிற்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கண்ணாலேயே காய் பொறுக்க ஆரம்பித்தாள். "எடப்பக்கம், மூணாவது. அது இல்ல, அதுக்குக் கீழ. ஆங், அதுதான்." அமுக்கிப் பார்க்க வேண்டியிருந்தால் வந்தவளிடமே, "கட்டவெரலக் குடு," என்பாள். அது சந்தையில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. வாங்குகிறவள் அமுக்குவாள், பள்ளம் எவ்வளவு நேரம் நின்றது, தோல் வழுக்கியதா பிடித்ததா என்று தயாவதி கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்வாள். ஹோட்டல் சமையல்காரர்களும் சீனக்கடைக்காரரும்கூட அவளுக்குக் கட்டைவிரல் கொடுத்துவிட்டுத்தான் காய் வாங்கிப்போனார்கள். சனிக்கிழமைகளில் விதைக்காரர்கள் வருவார்கள். விதைக்கென்று விடுகிற காய் செடியிலேயே ஐம்பது அறுபது நாள் கிடந்து மஞ்சளாக வேண்டும், அதுவரை செடி வேறு காய் தராது. தயாவதியிடம் கூடையைக் கொடுத்தால் அரைமணி நேரத்தில் வேலை முடிந்தது. அந்த விதை சோடை போனதில்லை. இன்றைக்கு இந்தப் பள்ளத்தாக்கில் நிற்கிற கத்தரிச் செடியில் பாதி அவள் கை பட்டது. அவள் கை ராசியான கை என்று விதைக்காரர்கள் சொல்வார்கள். அந்த வார்த்தை காதில் விழும்போதெல்லாம் அவள் முகம் போகிற போக்கைப் பார்க்கச் சகிக்காது.

வெள்ளத்துக்குப் பின் இரண்டாம் வருடம் ஆர்த்திகா பிறந்தாள். நர்ஸ் குழந்தையைத் துடைத்துத் தாயின் மார்மேல் போட வந்தபோது, தயாவதி போலீசுக்கு முன்னால் நிற்கிறவள் மாதிரி இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டாள். குழந்தை வீரிட்டு அழுதது, தாயும் அழுதாள், கை மட்டும் இறங்கவில்லை. யங்கட்சாமியின் தங்கை சுபத்ரா அப்போது அண்ணன் வீட்டில்தான் இருந்தாள்; ஆஸ்திரேலியா போன புருஷன் கூப்பிடுவான் கூப்பிடுவான் என்று ஆறு வருடம் இருந்து பார்த்துவிட்டு, கேட்பதையே விட்டுவிட்டவள். அவள்தான் குழந்தையை ஏந்திக்கொண்டாள். பால் கொடுக்கும் நேரம் தயாவதி சுவரோரம் உட்கார்ந்து கையைப் பின்னால் கொண்டுபோவாள். மறந்துபோய் முன்னால் வந்துவிடக் கூடாதே என்று சுபத்ரா தாவணித் துணியால் மணிக்கட்டைக் கட்டுவாள். பிறகு குழந்தையை மார்பில் பிடிப்பாள். பதினாலு மாதம் அப்படித்தான் பால் கொடுத்தாள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். இவள் அடுப்பையே மார்பில் கட்டிக்கொண்டு தொடாமல் இருந்தவள்.

தொடாமல் கத்தரிக்காயை அறிந்தது போலவே தொடாமல் மகளையும் அறிந்தாள். காய்ச்சல் வருவதற்கு முன் காது மடல் நிறம் மாறும் என்று கண்டுபிடித்தாள். பல் முளைப்பதை அழுகைச் சத்தத்தில் சொல்வாள். பொய் சொல்லும்போது ஆர்த்திகாவின் இடது கால் பெருவிரல் தரையில் கோடு போடும் என்பது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆனால் சூடு கண்ணுக்குத் தெரியாதே. வாசற்படியில் நின்றபடி சுபத்ராவைக் கேட்பாள்.

"நெத்தியில கைய வச்சுப் பாரு, எப்படி இருக்கு?"

"சூடா இருக்கு அண்ணி."

"எப்படிச் சூடு? ரொட்டிக் கல்லு சூடா, வெயில்ல கெடந்த கல்லு சூடா?"

"வெயில்ல கெடந்த கல்லு."

"கழுத்துல?"

"கழுத்துல கொஞ்சம் கம்மி. நீங்க போய்ப் படுங்க, நான் பார்த்துக்கிறேன்." தயாவதி போக மாட்டாள். வாசற்படியிலேயே உட்கார்ந்திருப்பாள், கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு.

ஆர்த்திகா எட்டு வயதில் கொய்யா மரத்திலிருந்து விழுந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. சுபத்ராவும் யங்கட்சாமியும் ஆற்றோர வயலில் இருந்தார்கள். பிள்ளை கை மடங்கிக் கீழே கிடந்து, "அம்மா, தூக்கு, அம்மா, தூக்கு," என்று கத்தியது. தயாவதி இரண்டடி தள்ளி மண்டியிட்டு உட்கார்ந்துகொண்டு வயல் பக்கம் பார்த்துச் சுபத்ரா, சுபத்ரா என்று அலறினாள். சுபத்ரா ஓடிவர எட்டு நிமிடம் ஆனது. எலும்பு கூடிவிட்டது, அதற்கென்ன, பிள்ளை எலும்பு கூடாமல் போகுமா. அந்த எட்டு நிமிடம் கூடவில்லை. அதன் பிறகு ஆர்த்திகா காய்ச்சல், தலைவலி எது வந்தாலும் அத்தையிடம்தான் சொல்வாள். தாய் வாசற்படியில் வந்து நின்றால் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொள்வாள், காது மடல் தெரியாமல்.

விவரம் தெரிந்த வயதில் எல்லாக் கதையும் அவளுக்குச் சொல்லப்பட்டது. கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆக வேண்டும். அண்ணன் பற்றி, லாரி பற்றி, பன்னிரண்டு காய் பற்றிக் கேட்டுக்கொண்டாள். நம்பாமல் இல்லை, கத்தரிக்காய் மஞ்சளாவதைத்தான் பிறந்ததிலிருந்து பார்க்கிறாளே. ஆனாலும் பதினாறு வயதில் ஒரு நாள் சந்தையில், ஊரே பார்க்க, தாய்க்கு முன்னால் வந்து நின்று கேட்டாள். "ஊருக்கெல்லாம் தொடாமலே நல்ல காயா எடுத்துக் குடுக்குறே. என்னை மட்டும் சொத்தைன்னு தள்ளி வச்சுட்டியா?" தயாவதி என்ன சொல்வாள். "நீதான்டி என் குவியல்லயே நல்ல காய். அதான் தொடல," என்றாள். "நான் கத்தரிக்காய் இல்லம்மா," என்று சொல்லிவிட்டு அவள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்து போய்விட்டாள். அன்று தயாவதி மேசையில் மீதியிருந்த காயை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் வைத்து மஞ்சளாக்கினாள். யாரும் தடுக்கவில்லை. முப்பது காய்க்குமேல் இருக்கும்.

இருபத்துமூன்று வயதில் ஆர்த்திகாவுக்கு ஆக்லாந்தில் பேக்கரி வேலையில் இருக்கிற பையனோடு கல்யாணம் நிச்சயமானது. வீட்டுக்கு முன்னால் மூங்கிலும் தகரமுமாகக் கொட்டகை போட்டோம். ஆண்கள் ஒரு பக்கம் யங்கோனா என்கிற போதை வேரை இடித்துக் கரைத்த பெரிய கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களை இனிக் கல்யாணம் முடிந்துதான் எழுப்ப முடியும். வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசுகிற சடங்கு. டோலக் வைத்துக்கொண்டு பெண்கள் பாட ஆரம்பித்தாகிவிட்டது. வழக்கப்படி பெற்றவள்தான் முதலில் பூச வேண்டும், பிறகுதான் மற்றவர்கள். தயாவதி வந்தாள். மாவிலையை ஒரு நீளக் குச்சியின் நுனியில் கட்டி எடுத்து வந்திருந்தாள், கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பே சீவித் தயார் செய்த குச்சி. மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்த சின்னப் பெண்கள் விஷயம் தெரியாமல் சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

"குச்சியக் கீழ போடு," என்றாள் ஆர்த்திகா.

"பேசாம உக்காரும்மா. பாதத்துல வச்சு, முட்டியில வச்சு, நெத்தியில வச்சா முடிஞ்சுது."

"நாளன்னிக்கு நான் ப்ளேன் ஏறிடுவேன். கீழ போடும்மா."

தயாவதி போடவில்லை. ஆர்த்திகா மணையிலிருந்து எழுந்து, குச்சியைத் தட்டிவிட்டு, தாயின் இரண்டு மணிக்கட்டையும் பிடித்தாள். மரவள்ளி வயலில் வேலை செய்து உரமேறிய பெண், பிடி என்றால் பிடி. அந்தக் கைகளை மஞ்சள் கிண்ணத்தில் முக்கி எடுத்துத் தன் இரண்டு கன்னத்திலும் வைத்து அழுத்திக்கொண்டாள். தயாவதி திமிறினாள், விடு விடு என்றாள், பிறகு சத்தமே வராமல் வாயை மட்டும் திறந்துகொண்டு நின்றாள். டோலக் நின்றது. ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஆர்த்திகா கையை விட்டாள். கன்னம் இரண்டும் மஞ்சளாக இருந்தது. தயாவதி அதைப் பார்த்து, "ஐயோ, இவளும் பழுத்துட்டாளே," என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சுபத்ராதான் சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து மருமகளின் முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். மஞ்சள் போகப் போக உள்ளே இருபத்துமூன்று வயது முகம் அப்படியே இருந்தது. ஒரு சுருக்கம் இல்லை, ஒரு நரை இல்லை. இடது கன்னத்தில் அழுத்திய விரல் தடம் மட்டும் கொஞ்சம் சிவந்திருந்தது; அதுவும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழும்பி மறைந்தது.

சந்தோஷப்படுவாள் என்றுதான் நினைத்தோம். தயாவதி மகளின் முகத்தையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, "அப்ப நான் தூக்கியிருக்கலாமா?" என்று கேட்டாள். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. "தூக்கு தூக்குன்னு கத்துனாளே. நான் தூக்கியிருக்கலாமா?" உனாய்சிதான் தன் பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்படி இல்லடி. நீதானே சொல்வே, பிஞ்சுதான் முத்தும்னு. இப்ப இவ வளந்துட்டா, அதான் ஒண்ணும் ஆகல. அன்னைக்கு நீ தூக்கியிருந்தா என்ன ஆகியிருக்குமோ, யாரு கண்டா? நீ செஞ்சது சரிதான்," என்றாள். உடனே நாங்கள் எல்லோரும் அதையே சொன்னோம். யங்கட்சாமி சொன்னான், சுபத்ரா சொன்னாள், ஆர்த்திகாகூட, "ஆமாம்மா, அதான், அப்படித்தான் இருக்கும்," என்றாள், இடது கால் பெருவிரலால் கொட்டகைத் தரையில் கோடு போட்டுக்கொண்டே. தயாவதி அன்றைக்கு அந்தக் காலைப் பார்க்கவில்லை. அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு எழுந்து சடங்கை முடித்தாள்.

சனிக்கிழமை கல்யாணம் முடிந்து, ஞாயிற்றுக்கிழமை நாந்தி விமான நிலையத்துக்கு வேன் பிடித்துப் போனோம். ஏறினதிலிருந்து தயாவதி மகளின் கையை விடவில்லை. வலது கைச் சுண்டுவிரலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்துக்கொண்டு வந்தாள். கண்ணால் எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தவளுக்குக் கைக்கு ஒன்றுமே தெரியவில்லை. உள்ளங்கை இப்படிச் சொரசொரவென்று இருக்கும் என்று தெரியாது. விரல் நுனி சில்லென்று இருக்கும் என்று தெரியாது. "இந்தத் தழும்பு எப்ப வந்துச்சு?" "ஆறாங்கிளாஸ்ல, டின் மூடி கிழிச்சுது." "யாரு கட்டுப் போட்டா?" "அத்தைதான்." மேலே போனாள். "இங்க ஒரு கட்டி மாதிரி இருக்கே?" "அது ஊசி போட்ட எடம்மா. எல்லாருக்கும் இருக்கும்." கடற்கரை ரோட்டில் வேன் ஒன்றரை மணி நேரம் ஓடியது. போய்ச் சேர்ந்தபோது வலது கை முடிந்து, இடது கையில் மணிக்கட்டுவரைதான் வந்திருந்தாள். உள்ளே வரச் சொல்லி இரண்டு தடவை அறிவித்துவிட்டார்கள். "இன்னும் முடியலையே," என்றாள் தயாவதி. ஆர்த்திகா குனிந்து தன் முகத்தைத் தாயின் இரண்டு கைக்குள் ஒரு தரம் வைத்து எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். ப்ளேன் நேரத்துக்குக் கிளம்பியது.

புதன்கிழமை தயாவதி சந்தைக்கு வந்தாள். சனிக்கிழமை அவள் வராததால் விதைக்காரர் ஒருவர் கூடை வைத்துவிட்டுப் போயிருந்தார். எடுத்த காய் எடுத்தபடி மஞ்சளானது, அதில் ஒரு மாற்றமும் இல்லை. யாரும் வேடிக்கை பார்க்கவில்லை, தினம் பெய்கிற மழையை யார் நின்று பார்க்கிறார்கள். பத்து மணி வாக்கில் பள்ளத்தாக்குப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த வாத்தியாரின் மனைவி வந்தாள், வடக்குத் தீவில் லம்பாசாப் பக்கத்துப் பெண், ஊருக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. இடுப்பில் ஏழு மாதக் குழந்தை, தோளில் பை, கையில் குடை. என்ன செய்யப் போகிறாய் என்று தயாவதி கேட்பதற்குள் அவளே, "சோக்காவுக்குக் காய் வேணும். அக்கா, இவளக் கொஞ்சம் புடிங்க, நான் பொறுக்கிக்கிறேன்," என்று மேசைக்கு மேலாகக் குழந்தையை நீட்டிக் கையில் போட்டுவிட்டாள். தயாவதிக்குக் கையைப் பின்னால் இழுக்க நேரமில்லை. இழுத்திருந்தால் குழந்தை கீழே விழுந்திருக்கும்.

உனாய்சி பாதி எழுந்தாள். குழந்தை தயாவதியின் மூக்கைப் பிடித்து இழுத்தது, பிறகு காதுத் தோட்டை. ஒரு நிமிடம் ஆனது. இரண்டு நிமிடம் ஆனது. குழந்தை குழந்தையாகவே இருந்தது. வாயிலிருந்து எச்சில் வழிந்து தயாவதியின் மணிக்கட்டில் சொட்டியது. உனாய்சி மெதுவாக உட்கார்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, டாலோ இலைக் கட்டை அவிழ்க்க ஆரம்பித்தாள். பிஞ்சுதான் முத்தும் என்று கொட்டகையில் நாங்கள் சொன்ன ஆறுதல் அதோடு முடிந்தது. தயாவதிக்குக் கண்ணிலிருந்து நீர் தாரை தாரையாக வழிந்தது. துடைக்கக் கை காலியாக இல்லை. வாத்தியார் மனைவி குனிந்து காய் பார்த்துக்கொண்டிருந்ததால் ஒன்றும் கவனிக்கவில்லை. பாவம், அவளுக்குக் காய் பார்க்கவும் தெரியவில்லை. கனமாக இருப்பதே நல்லது என்று நினைத்துக்கொண்டு, தொப்பி தூக்கின ஒன்றை எடுத்தாள், பளபளப்புப் போன ஒன்றை எடுத்தாள், காம்படியில் ஊசித்துளை தெரிகிற சொத்தை ஒன்றையும் எடுத்தாள். எடுத்துவிட்டு நிமிர்ந்து, "இது போதும்னு நினைக்கிறேன். நல்லா இருக்கா அக்கா?" என்று கேட்டாள்.

தயாவதி காயைப் பார்க்கவே இல்லை. குழந்தையை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றித் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"இன்னும் பாரும்மா. பொறுமையாப் பொறுக்கு. அவசரமே இல்ல," என்றாள்.

அந்தப் பெண் முக்கால் மணி நேரம் பொறுக்கிவிட்டு, முற்றல் நாலும் சொத்தை ரெண்டும் வாங்கிக்கொண்டு போனாள்.